நத்தார் வருகிறது: பெப்பர்மின்ட் சொக்கலேட் செய்வோம், கைக்கூலியையும் கணக்கில் சேர்ப்போம்

மார்கழி பிறந்துவிட்டால் மன்னார் மாவட்டத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பலகார வாசம்தான். பயற்றம் பணியாரம், முறுக்கு, கொக்கிஸ் ஒரு பக்கம். ரிச் கேக், மில்க் ரொபி மறுபக்கம். இன்றைய பிள்ளைகளோ இவற்றோடு சொக்கலேட்டும் கேட்கிறார்கள். கடையில் வர்ணக் கடதாசி சுற்றி வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவரும் தாய்மார் எம்மிடையே பலர்.

எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் இனிப்புப் பண்டங்கள் செய்யப் பழக்கிவருபவள் நான். எங்கள் குழுவில் 11 பேர். 2009 இல் முடிந்த போரில் கணவரை இழந்தவர்கள், காணாமற்போன பிள்ளையை இன்றும் தேடுபவர்கள் இதில் உண்டு. கிறிஸ்தவர், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தே வேலை செய்கிறோம். நத்தார் காலத்தில் நாங்கள் செய்யும் பண்டங்களில் முதலில் விற்றுத் தீருவது பெப்பர்மின்ட் சொக்கலேட். இதற்குப் போறணை தேவையில்லை. ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரங்களும் போதும்.

தேவையான பொருட்கள் (சுமார் 40 துண்டுகளுக்கு)

ஐசிங் சீனி – 250 கிராம்
ரின்பால் – 4 மேசைக்கரண்டி
மாஜரின் அல்லது பட்டர் – 1 மேசைக்கரண்டி
உணவுக்குப் பயன்படும் பெப்பர்மின்ட் எண்ணெய் – 4 அல்லது 5 துளி
கேக் செய்யும் சொக்கலேட் – 250 கிராம்

செய்முறை

ஐசிங் சீனியைக் கட்டியில்லாமல் அரித்தெடுங்கள். மாஜரினைச் சேர்த்துப் பிசறி, ரின்பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். ரொட்டி மாப் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் ஐசிங் சீனி சேர்க்கலாம். கடைசியாகப் பெப்பர்மின்ட் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, ருசி பார்த்துச் சேருங்கள். ஒரு துளி கூடினாலும் நாக்கு எரியும்.

கலவையைச் சிறு நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கி, உள்ளங்கையால் மெல்லத் தட்டி, எண்ணெய்க் கடதாசியில் வரிசையாக வையுங்கள். வலையால் மூடி இரண்டு, மூன்று மணித்தியாலம் உலரவிடுங்கள். மார்கழி மழையில் காற்று ஈரமாக இருக்கும். அப்படியான நாளில் இரவு முழுவதும் உலரவிடுவது நல்லது.

அடுத்தது சொக்கலேட். ஒரு சட்டியில் கால்வாசி தண்ணீர் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். அதன் மேல், தண்ணீரில் முட்டாதபடி ஒரு கிண்ணத்தை வைத்து, நறுக்கிய சொக்கலேட்டைப் போட்டுக் கிளறினால் அந்த ஆவியிலேயே உருகிவிடும். உலர்ந்த துண்டுகளை முள்ளுக்கரண்டியில் ஏந்தி, தோய்த்து, வழிவதைத் தட்டிவிட்டு மீண்டும் கடதாசியில் வையுங்கள். அரை மணித்தியாலத்தில் இறுகும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் 10 நிமிடம் வைத்தால் போதும். கூட நேரம் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து, மினுக்கம் போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

சொக்கலேட்டின் முதல் எதிரி தண்ணீர். உருகிய சொக்கலேட்டில் சில துளி தண்ணீர் பட்டாலே அது மணல் போலத் திரைந்து கட்டியாகிவிடும். கிண்ணம், கரண்டி, கை எல்லாம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கலந்த எசன்ஸ் வகைகளை உருகிய சொக்கலேட்டில் விடாதீர்கள். வாசனையை உள்ளே வைக்கும் சீனிக் கலவையில் மட்டும் சேர்ப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாவது எதிரி வெப்பம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 பாகை செல்சியசில் உருகிவிடும். அதனால்தான் நல்ல சொக்கலேட் வாயில் போட்டதும் கரைகிறது. எமது வெயிலில் பையிலும் கரைகிறது. கொக்கோ வெண்ணெய் உள்ள கறுப்புச் சொக்கலேட்டை 45 பாகை வரை உருக்கி, 27 பாகைக்கு ஆற்றி, மறுபடி 31 பாகைக்குச் சூடாக்கினால்தான் மினுக்கத்தோடு இறுகும். இல்லாவிட்டால் மேலே வெள்ளைப் படலம் படியும். தாவர எண்ணெய் சேர்த்த கொம்பவுண்ட் சொக்கலேட்டுக்கு இந்தச் சிரமம் இல்லை, விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே வாங்குங்கள். எது என்பதை உறையிலுள்ள பொருட்களின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

பெப்பர்மின்ட் எண்ணெயிலுள்ள மென்தோல், குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால்தான் வாய் குளிர்கிறது. வெளியே பூசுவதற்கு விற்கும் எண்ணெயை ஒருபோதும் உணவில் சேர்க்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த இனிப்பைக் கொடுக்க வேண்டாம்.

சிலர் உள்ளே வைக்கும் கலவைக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். எமது முறையில் முட்டையும் இல்லை, ஜெலற்றினும் இல்லை. இதை உறையில் எழுதினால் மரக்கறி உணவுக்காரரும் யோசிக்காமல் வாங்குவார்கள்.

உங்கள் கைக்கு என்ன விலை?

கடந்த நத்தாருக்கு முன்னர் எங்கள் குழுவிலுள்ள ஒரு தங்கச்சி தன் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்தாள். சீனி, ரின்பால், சொக்கலேட், கடதாசி, பஸ் காசு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

"உங்கட கூலி எங்க தங்கச்சி?" என்று கேட்டேன்.

"வீட்டில இருந்துதானே அக்கா செய்யிறன். அதுக்கென்ன கூலி?" என்றாள்.

பக்கத்தில் கடதாசி வெட்டிக்கொண்டிருந்த மூத்தம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "வயலுக்குப் போனா கூலி கேப்பாய்தானே பிள்ளை? வீட்டுக்குள்ள செய்தா உன்ர கை ஓசியோ?" என்றார். அன்றே அவள் விலையை மாற்றி எழுதினாள். அந்த நத்தாருக்கு அவள் செய்தது ஒன்றும் மிஞ்சவில்லை.

கணக்கு இலகுவானது. 40 துண்டு செய்து பொதி பண்ண, உலரும் நேரம் தவிர, சுமார் 3 மணித்தியாலம் செல்லும். உங்கள் ஊரில் 8 மணித்தியாலக் கூலி 2,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 3 மணித்தியாலத்துக்கு 750 ரூபா. அதை 40 ஆல் பிரித்தால் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 19 ரூபா. பொருட்செலவு, உறை, விறகு அல்லது எரிவாயு, போக்குவரத்து ஆகியவற்றோடு இதையும் கூட்டுங்கள். உடைந்து பழுதாவதற்கென்று பத்திலொரு பங்கு சேருங்கள். வருவதே உங்கள் அடக்க விலை. அதற்கு மேல் வருவதுதான் இலாபம். அடக்க விலைக்குக் குறைத்துக் கேட்பவரிடம் "கட்டாது" என்று சொல்லப் பழகுங்கள்.

விற்பனை

கார்த்திகைக் கடைசியிலேயே சிறு மாதிரிப் பொதிகளோடு பங்கு, முன்பள்ளி, அலுவலகங்களுக்குப் போய் ஓடர் எடுங்கள். பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கினால் பொருள் வாங்க வாரத் தவணைக் கடன் எடுக்கவேண்டி வராது. உறையில் பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருட்கள், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, விலாசம் இருக்கட்டும். காற்றுப் புகாத பேணியில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இரண்டு கிழமைக்கு நன்றாக இருக்கும். ஆகவே மார்கழி 10 ஆம் திகதிக்குப் பிறகு செய்யத் தொடங்குங்கள். தொடர்ந்து விற்பதானால் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள்.

தனியே செய்வதை விட நான்கைந்து பேர் சேர்ந்து செய்வது மேல். ஒருவர் குழைக்க, ஒருவர் உருட்ட, ஒருவர் தோய்க்க, வேலை பாதி நேரத்தில் முடியும். பண்டிகை நாட்கள்தான் எம்மில் பலருக்கு மிகக் கனமான நாட்கள். வெறுமையான வீட்டில் தனியே இருப்பதை விட, நாலு பேரோடு கதைத்துக்கொண்டு கைவேலை செய்வது மனதுக்கும் ஆறுதல்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு ஓடர் வந்தாலும், முதல் தட்டில் 10 துண்டுகளை உங்கள் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பொதி பண்ணுங்கள். அனைவருக்கும் நத்தார் வாழ்த்துகள்.