இரைச்சலை வெல்லும் ஏரியல்

தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்க வேண்டுமானால் உயரமான, நீளமான ஏரியல் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெச்சூர் வானொலியில் ஆர்வம் கொண்ட அன்பர்கள் பலர் இந்த நம்பிக்கையினாலேயே முயற்சியைத் தொடக்கத்தில் கைவிட்டுவிடுகின்றனர். 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு அரை அலைநீளக் கம்பி கட்ட ஏறத்தாழ 20 மீட்டர் இடம் வேண்டும், 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கோ 40 மீட்டர் வேண்டும். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு அவ்வளவு இடம் ஏது? மொட்டைமாடி பலருக்கும் பொது. அங்கே கம்பி கட்டச் சங்கத்தின் சம்மதம் வேண்டும்.

ஆனால் இந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. செலுத்தும் ஏரியலுக்கும் வாங்கும் ஏரியலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், பால்கனியில் அடங்கும் ஒரு சிறு வளையமே பல பட்டைகளுக்கும் போதுமென்பது விளங்கும். செலுத்துவதற்குத் தேர்வெழுதி அரசின் உரிமம் பெறவேண்டும். இங்கு நாம் கவனிக்கப்போவது கேட்கும் கலையை மட்டுமே.

செலுத்தும் ஏரியல் திறன் குறைந்ததாயின், நாம் கொடுக்கும் மின்சக்தி வெப்பமாகி வீணாகும். வாங்கும் ஏரியலில் நிலைமை வேறு. வானிலிருந்து குரல் மட்டும் வருவதில்லை. உலகெங்கும் வெட்டும் மின்னல்களின் இரைச்சலும் கூடவே வருகிறது. ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இவ்விரைச்சல், நல்ல வானொலிப் பெட்டியின் உள்ளே பிறக்கும் இரைச்சலைவிடப் பன்மடங்கு மிகுதி. ஏரியல் சிறிதானால் குரல் குறையும். இரைச்சலும் அதே அளவு குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. குறைந்ததை ஒரு பெருக்கியால் ஈடு செய்துகொள்ளலாம். ஆகவே, வாங்கும் ஏரியலை மதிப்பிடும்போது அது எவ்வளவு வாங்குகிறது என்று கேட்பதைவிட, இரைச்சலை எவ்வளவு விலக்குகிறது என்று கேட்பதே பொருந்தும்.

இவ்வுண்மை புதிதன்று. 1921-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க அமெச்சூர்களின் அலைகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டுமா என்று சோதிக்கப் பால் காட்லி என்பவர் ஸ்காட்லாந்திலுள்ள ஆர்ட்ராசனுக்கு அனுப்பப்பட்டார். அவர் வானளாவிய கோபுரம் எதனையும் நிறுத்தவில்லை. ஹரால்ட் பெவரேஜ் கண்டறிந்த முறைப்படி, மிக நீண்ட ஒற்றைக் கம்பியைத் தாழ்ந்த கம்பங்களின்மேல் இழுத்துக் கட்டினார். செலுத்துவதற்கு அக்கம்பி சற்றும் உதவாது. ஆனால் அது ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்டு, மற்றத் திசைகளின் இரைச்சலைத் தள்ளியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த மோர்ஸ் குறிகள் அதன் வழியே தெளிவாகக் கேட்டன.

நகரத்தில் அத்தகைய கம்பிக்கு இடமில்லை, வளையத்துக்கு உண்டு. ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சுற்று வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதில் அலை தூண்டும் மின்னழுத்தம் அதிர்வெண் ஏற ஏற உயர்கிறது. அதே சமயம், வளையம் தன் இயல்பால் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையும் அதே விகிதத்தில் ஏறுகிறது: 3.5 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 65 ஓம், 7-இல் 130, 14-இல் 260. சம்பளம் இரட்டித்து விலைவாசியும் இரட்டித்தால் வாங்கும் அரிசியின் அளவு மாறாதது போலவே, வளையத்தில் ஓடும் மின்னோட்டமும் ஏறக்குறைய மாறாதிருக்கிறது. சில ஓம் தடை மட்டுமே உள்ள பெருக்கி ஒன்றை இணைத்து அம்மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டால், பட்டைக்குப் பட்டை திருகித் திருத்தாமலே ஒரே வளையம் எல்லாவற்றையும் வாங்கும். அகலப்பட்டை வளையத்தின் இரகசியம் இதுவே.

செய்யும் முறையும் எளிது. ஏறத்தாழ 3.2 மீட்டர் நீளமுள்ள செம்புக் குழாயையோ அலுமினியக் குழாயையோ வட்டமாக வளைத்து, மரச்சட்டத்திலோ பி.வி.சி. குழாயிலோ பொருத்துக. இரு முனைகளும் தம்முள் தொடாமல் பெருக்கியின் உள்வழியில் இணையவேண்டும். பெருக்கிக்கு 2என்2222 வகை டிரான்ஸிஸ்டர்கள் இரண்டை ‘காமன் பேஸ்’ முறையில் எதிரெதிராக அமைத்தல் போதும். டில்லி லஜபத் ராய் மார்க்கெட், மும்பை லாமிங்டன் ரோடு, கொல்கத்தா சாந்தினி சௌக் ஆகிய இடங்களில் இப்பொருள்களைத் தேடிப் பெறலாம். பெருக்கிக்கான 12 வோல்ட் மின்சாரத்தைப் பாட்டரியிலிருந்து கொடுப்பதே நலம்; மலிவான ‘ஸ்விட்ச்சிங்’ அடாப்டர்கள் தாமே இரைச்சலின் ஊற்றுகள்.

இனி, வளையத்தை எங்கே வைப்பது? இதுவே முக்கியமான கேள்வி. எல்.ஈ.டி. விளக்கு, செல்பேசி சார்ஜர், மின்விசிறியின் ரெகுலேட்டர் ஆகியவை நம் வீட்டிலேயே குடியிருக்கும் பகைவர்கள். பாட்டரியில் இயங்கும் சிற்றலைப் பெட்டியைக் கையில் ஏந்தி, வீட்டின் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் எவ்வளவு இரைச்சல் நம்முடையது என்பது தெரியும். சிறிய கருவியின் அண்மைக் காந்தப்புலம், தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே, வளையத்தைப் பால்கனியின் வெளி ஓரத்துக்கு ஓரிரு மீட்டர் நகர்த்துவதே பெரும் பலன் தரும். பிறகு, குரல் உரக்கக் கேட்கும் நிலையைத் தேடாமல், இரைச்சல் மிகக் குறையும் நிலையில் வளையத்தைத் திருப்பி நிறுத்துக. கேபிளின் மேலுறை வழியாகவும் இரைச்சல் ஏறி வரும். கேபிளை ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றுப் போலச் சுற்றிவிட்டால் அவ்வழி பெரும்பாலும் அடைபடும்.

இவ்வேரியலுக்கும் எல்லைகள் உண்டு. எல்லா அலைகளையும் உள்ளே விடுவதால், அருகில் மத்திய அலை ஒலிபரப்பு நிலையம் இருப்பின் அதன் வலிமை பெருக்கியைத் திணறச் செய்யும், அப்போது 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தடுக்கும் வடிகட்டி தேவை. 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வான இரைச்சல் குறைந்து பெருக்கியின் சொந்த இரைச்சல் தலைதூக்குவதால், அங்கே பெரிய ஏரியலே சிறந்தது. எந்த ஏரியலாயினும் மின்கம்பிகளின் அருகே அமைக்கலாகாது. இடி மின்னலின் போது பெட்டியிலிருந்து முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி அந்தமானைத் தாக்கித் தொடர்புகளை அறுத்தபோது, போர்ட் பிளேரில் அப்போது தங்கியிருந்த அமெச்சூர் குழு ஒன்று அங்கிருந்தோரின் நலச் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பியது. அனுப்பியவர் கடமையைச் செய்தார். அச்செய்தி உறவினரை அடைந்தது, இக்கரையில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டதனால்தான். பகலில் 14 மெகாஹெர்ட்ஸிலும், அந்தி சாய்ந்தபின் 7 மெகாஹெர்ட்ஸிலும் தென்னாட்டு அமெச்சூர்களின் குரல் வடநாட்டை எட்டும். அது வரும்போது நம் ஏரியல் அமைதியாக இருக்குமாயின், 1,700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் தமிழும் டில்லியின் பால்கனியில் தெளிவாக ஒலிக்கும்.