அடைக்கோழியின் தவம்

ஊர்க்கோழி வளர்க்கும் இல்லங்களில் யாவரும் கண்ட காட்சி ஒன்றுண்டு. நேற்றுவரை முற்றத்தைக் கிளறித் திரிந்த பேடு, இன்று முட்டைக் கடகத்திலே ஏறி அமர்ந்தால் அமர்ந்ததுதான். குறுணலைத் தூவி அழைத்தாலும் வருவதில்லை. கையை நீட்டினாலோ சிறகைச் சிலிர்த்துக் கொத்த வருகிறது. நாளுக்கு ஒரு முறை அவசரமாக இறங்கிச் சிறிது இரை தின்று, நீர் அருந்தி, மறுபடியும் முட்டைகளைத் தழுவிக்கொள்கிறது. இவ்வாறு 21 நாட்கள்! உடல் மெலிந்தாலும் அது தன் கடமையைக் கைவிடுவதில்லை. வாத்து முட்டைகளை வைத்துவிட்டால் 28 நாட்களும் சலியாது காத்திருக்கிறது.

முதன்முறையாக அடைகிடக்கும் இளம் பேட்டுக்கு இப்பொறுமையைக் கற்பித்தவர் யார்? “அது கடவுள் கொடுத்த குணம்” என்பர் பெரியோர். அக்குணம் எவ்வழியே செயற்படுகின்றது என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர்.

மூளையின் அடியிலே கபச்சுரப்பி என்னும் சிறு உறுப்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இரத்தத்திற் கலக்கும் ஓமோன் ஒன்றை அமெரிக்க அறிஞர் ஒஸ்கார் றிடிலும் அவர்தம் துணைவர்களும் 1933ஆம் ஆண்டு பிரித்தறிந்து, ‘புரோலற்றின்’ எனப் பெயரிட்டனர். மானிடத் தாயரின் மார்பிலே பாலைச் சுரக்கச் செய்வதும் இதுவே. 1935ஆம் ஆண்டு இதனைக் கோழிகளுக்கு ஊசிமூலம் செலுத்தியபோது அவை அடைகிடக்கத் தொடங்கின. இது மிகும்போது பேடு முட்டையிடுவதும் நின்றுவிடுகிறது.

அப்படியாயின் தாய்மை என்பது ஒரு துளி இரசாயனத்தின் விளைவுதானா? தாயன்பைப் போற்றுவோருக்கு இவ்வினா மனத்தை உறுத்தவே செய்யும். இதற்கு அரியதொரு விடையளித்தவர், நியூ ஜேர்சியில் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடத்திய டானியேல் லேர்மன். அவர் எடுத்துக்கொண்டவை கழுத்திலே கருவளையம் உடைய புறாக்கள். இவ்வினத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டுமே கண்டப்பையிற் சுரக்கும் ‘புறாப்பாலை’க் குஞ்சுகளுக்கு ஊட்டும். அப்பாலைச் சுரக்கச் செய்வதும் புரோலற்றினே.

தனித்த புறாவின் கூட்டிலே முட்டைகளை வைத்தபோது அது அவற்றை நாடவில்லை. துணையோடு கூவி, கூடு கட்டி, ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்த புறாவோ முட்டையைக் கண்டதும் அமர்ந்தது. பெண்புறா ஆணைக் கண்ணாடித் தடுப்பின் ஊடாகப் பார்த்தும் கேட்டுமிருந்தாலே அதன் சூலகம் வளர்ச்சியடைந்தது. இன்னுமொரு விந்தை! அடைகாக்கத் தொடங்கிய ஆணைப் பிரித்து, தன் துணை முட்டைமேல் அமர்ந்திருப்பதைக் கண்ணாடி வழியே காணமட்டும் விட்டனர். அதன் கண்டப்பையும் பாலூட்டுவதற்கு ஆயத்தமாயிற்று!

ஆகவே, ஓமோன் நடத்தையை உண்டாக்குகிறது. நடத்தையும் காட்சியும் குரலும் ஓமோனைச் சுரக்கச் செய்கின்றன. இவ்வுண்மையே லேர்மனின் ஆராய்ச்சியாற் புலப்பட்டது.

நம் அடைக்கோழியிடமும் இதே நியதியைக் காணலாம். அதன் வயிற்றிலே இறகுதிர்ந்து, இரத்தவோட்டம் மிகுந்த வெறுந்தோற் பகுதி ஒன்று உண்டாகிறது. முட்டைகள் அதனைத் தீண்டும் உணர்ச்சி நரம்புகள் வழியாக மூளையை அடைகிறது. மூளையின் கீழ்ப்பகுதியிலே உண்டாகும் வேறோர் இரசாயனப் பொருள் கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. புரோலற்றின் மேலும் சுரக்கிறது. பேடு மேலும் உறுதியாக அமர்கிறது. கூட்டை அகற்றிவிட்டால் இச்சங்கிலி அறுந்து, புரோலற்றின் விரைவிற் குறைகிறது. அடைகிடக்கும் பேட்டைக் கடகத்திலிருந்து பிரித்துக் காற்றோட்டமான கூண்டிலே அடைத்து அடை தெளியவைக்கும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே. அதிக முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வெள்ளை லெகோன் இனத்திலோ அடைகிடக்கும் குணமே பெரும்பாலும் மறைந்துவிட்டது. முட்டை மிகுந்தது, அடைகாக்கும் தாய் அருகிவிட்டாள்.

குஞ்சுகள் பொரித்ததும் இன்னொரு மாற்றம் நிகழ்கிறது. புரோலற்றின் குறையத் தொடங்குகிறது. ஆயினும் தாய்மை குறைவதில்லை. குஞ்சுகளின் கீச்சொலியும் இறகின்கீழ் நுழையும் தீண்டலும் இப்போது அதனைத் தாங்கி நிற்கின்றன. பேடு இரையைக் கண்டு குரல்கொடுக்கிறது. பருந்தின் நிழல் பட்டால் எச்சரிக்கிறது. அடைகாத்தே அறியாத சில பேடுகளைக்கூடச் சிறு குஞ்சுகளுடன் சில நாட்கள் விட்டுவைத்தால் அவை தாயாகிவிடுவதுண்டு.

தாய் குஞ்சைப் பொரிக்கிறாள் என்கிறோம். குஞ்சும் ஒருவகையில் தாயைப் படைக்கிறது. இதனை அறிவதால் தாய்மையின் பெருமை குன்றிவிடுமா? அடுத்த முறை அடைக்கோழி சினந்து கொத்த வரும்போது கையைச் சற்றுப் பின்னிழுத்துக்கொள்வோம். அந்தக் கடகத்திலே மூளையும் குருதியும் முட்டையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன.