ஒரு நாள் பிந்தினார்; பென்ஷன் போச்சு!

உத்திரமேரூர் கல்வெட்டு கேட்ட கணக்கு இன்றும் பாக்கி

உத்திரமேரூர்:-

தாலுகா ஆபீசில் இரண்டு குமாஸ்தாக்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2003-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி வேலையில் சேர்ந்தார். இன்னொருவர் மறுநாள், ஏப்ரல் 1-ந்தேதி சேர்ந்தார். ஒரே வேலை, ஒரே சம்பளம். ஆனால் முதல் ஆளுக்கு ஆயுசு உள்ளவரை பென்ஷன். அவர் கண்ணை மூடினால் மனைவிக்குக் குடும்ப பென்ஷன். இரண்டாவது ஆளுக்கு மாதப் பென்ஷன் என்ற பேச்சே இல்லை!

ஒரே ஒரு நாள் செய்த வேலை இது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

100-க்கு 10 பிடித்தம்

2003 ஏப்ரல் 1-ந்தேதி முதல் தமிழக அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் 'பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் 100-க்கு 10 ரூபாய் மாதாமாதம் பிடித்தம். அதே அளவு பணத்தை அரசும் போடும். ரிடையர் ஆகும்போது வட்டியோடு மொத்தமாகக் கொடுப்பார்கள். அதோடு சரி. மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று அந்தப் பணம் கரைந்துவிட்டால் அடுத்த மாத அரிசிக்கு என்ன வழி?

அதே 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் 'டிஸ்மிஸ்' செய்யப்பட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பெரும்பாலோருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. புதியவர்களுக்குப் பழைய பென்ஷன் மட்டும் திரும்பவில்லை!

கஜானா சொல்லும் கதை

அரசு தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கையில், தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2 லட்சத்து 63 ஆயிரத்து 976 ரூபாய் அரசுக் கடன் இருப்பதாகச் சொன்னார்கள். 2026 மார்ச் கடைசியில் மொத்தக் கடன் சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம் கோடி ஆகும் என்றது 2025-26 பட்ஜெட்.

அதே பட்ஜெட்டின்படி வருமானம் 100 ரூபாய் என்றால், சம்பளத்துக்குச் சுமார் 27, பென்ஷனுக்கு 12, கடன் வட்டிக்கு 21. ஆகக்கூடி 60 ரூபாய் காலி! பென்ஷனைவிட வட்டிதான் அதிகம் தின்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பென்ஷனை நிறுத்தியதும் சுமை உடனே இறங்கவும் இல்லை. பழைய ஆட்களுக்கு பென்ஷன் கொடுத்தாக வேண்டும். புது ஆட்களுக்கு 10 சதவீதமும் போட்டாக வேண்டும். இரண்டு கையாலும் செலவு. மிச்சம் தெரிய வேண்டுமானால் பல வருஷம் பொறுக்க வேண்டும்.

மறுபடியும் பாதிச் சம்பளம்

இந்த நிலையில் 2026 ஜனவரி 3-ந்தேதி 'உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' ஒன்றைத் தமிழக அரசு அறிவித்தது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். ஊழியரிடம் 10 சதவீதப் பிடித்தம் தொடரும். பற்றாக்குறையை அரசு ஏற்கும் என்றார்கள். இதற்கு ஒரே தடவையாக 13 ஆயிரம் கோடி, அப்புறம் ஆண்டுதோறும் சுமார் 11 ஆயிரம் கோடி தேவை என்றும் சொன்னார்கள்.

கடைக்காரர்களுக்கு இதில் வருத்தம் இருக்காது. பென்ஷன் பணம் மாதம் பிறந்தால் பஜாருக்குத்தானே வருகிறது! ஆனால் சுற்று வட்டாரத்தில் ஆயுசு முழுக்க நாற்று நட்ட மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை எவ்வளவு? ஆயிரமாக இருந்ததை 2023-ல் 1,200 ஆக்கினார்கள். சோப்பு வாங்கினாலும் சீப்பு வாங்கினாலும் அவரும் வரி கட்டத்தான் செய்கிறார்.

கணக்கைக் காட்டுங்கள்!

இதே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வயசு 1,100 ஆண்டுக்கு மேல். ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரக்கூடாது. அவன் நெருங்கிய சொந்தக்காரனும் வரக்கூடாது என்பது அதில் உள்ள சட்டம்.

குமாஸ்தாவுக்கு பென்ஷன் வேண்டும். மூதாட்டிக்கும் கஞ்சி வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும், பென்ஷன் தருகிறோம் என்று சொல்லும் அதே மேடையில், ஆண்டுக்கு 11 ஆயிரம் கோடி எந்த வரியிலிருந்து வரும், எவ்வளவு புதுக் கடன் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பில் வரும் இடம் நம் பிள்ளைகளின் வீட்டு வாசல்தான்!