அரிசியில் கல் அரிப்பது போலத்தான்! மணலில் இருந்து தங்கத் தூளைப் பிரிப்பது எப்படி?

ஓடையில் இறங்கி, தட்டில் மண்ணை அள்ளி, நாலு சுற்று சுற்றினால் அடியில் தங்கம் மின்னும். ரீல்ஸில் இப்படி ஒரு வீடியோ கண்ணில் படாதவர்கள் குறைவு. முப்பது விநாடியில் முடிந்துவிடும் அந்த வீடியோக்கள் ஒன்றைக் காட்டுவதில்லை. புதிதாக இறங்குபவருக்குக் கட்டி கிடைப்பது அபூர்வம். கிடைப்பது பெரும்பாலும் தூள். அந்தத் தூளைக் கழுவும் தண்ணீரோடு போகவிடாமல் பிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதைச் சட்டப்படி பொழுதுபோக்காகச் செய்ய முடிகிற இடங்களில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்.

யாருக்கு அனுமதி?

விக்டோரியாவில் 1851இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் உலகம் முழுவதிலும் இருந்து கூட்டம் குவிந்தது. மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்டச் சொன்னது அரசு. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். கொதித்துப்போன தொழிலாளர்கள் 1854 டிசம்பரில் பல்லாரட்டில் துப்பாக்கி ஏந்தினார்கள். இதுதான் யுரேகா கிளர்ச்சி. அது ஒடுக்கப்பட்டாலும், அடுத்த ஆண்டே பழைய உரிமம் போய், ஆண்டுக்கு 1 பவுண்டுக்கு ‘மைனர்ஸ் ரைட்’ வந்தது.

அதே பெயரில் அந்த அனுமதிச் சீட்டு இன்றும் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி ஆன்லைனில் வாங்கலாம்; 10 ஆண்டுகள் செல்லும். கைக் கருவிகள், தட்டு, மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தலாம். கிடைப்பது உங்களுக்கே சொந்தம். ஆனால் தோண்டிய குழியை மூட வேண்டும், இயந்திரம் கூடாது, பூர்வகுடிகளின் பாரம்பரிய இடங்களைச் சிதைக்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான பகுதிகளுக்கும் பல ஓடைகளுக்கும் தடை உண்டு. போகும் முன் வரைபடத்தைப் பார்ப்பது அவசியம்.

தூள் ஏன் கைநழுவுகிறது?

அடிப்படை தத்துவம் நம் வீட்டுச் சமையலறையில் இருப்பதுதான். அரிசியைத் தண்ணீரில் அலசி அலசிச் சாய்த்தால் அரிசி நகர்ந்துவிடும், கல் அடியில் நிற்கும். இங்கே அரிசியின் இடத்தில் மணல், கல்லின் இடத்தில் தங்கம். சாதாரண மணல் தண்ணீரைவிட சுமார் 2.65 மடங்கு கனம். தங்கம் 19.3 மடங்கு.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தூள் ஏன் போய்விடுகிறது? காரணங்கள் மூன்று. ஆற்றில் அடிபட்டு அடிபட்டுத் தட்டையாகிவிட்ட துகள், இலை மாதிரி தண்ணீரில் மெல்ல இறங்கும். கையில், தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், அது நீரின் மேற்பரப்பிலேயே மிதந்து ஓடிவிடும். கூடவே வரும் கறுப்பு மணல் (பெரும்பாலும் மேக்னடைட்) நீரைவிட 5 மடங்கு கனம் என்பதால் அதுவும் அடியிலேயே தங்கி, தூளை மறைத்துவிடும்.

படிப்படியாகச் செய்வது எப்படி?

முதலில் இடம். ஆறு வளையும் இடத்தின் உட்புறம், பெரிய பாறையின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு என வேகம் குறையும் இடங்களில்தான் கனமானவை படியும். நடு ஓட்டத்தில் அள்ளிப் பலனில்லை.

அடுத்து சலிப்பது. களிமண் கட்டிகளைத் தண்ணீருக்குள்ளேயே கையால் கரைத்துவிட வேண்டும். இல்லையெனில் அவை தங்கத்தை உருட்டிக்கொண்டு போய்விடும். பிறகு சல்லடையில் சலித்து, பெரிய கற்களைப் பார்த்துவிட்டுத் தள்ளலாம்.

மூன்றாவது குலுக்குவது. தட்டு நீருக்குள் சமமாக இருக்கும்போதே பக்கவாட்டில் நன்றாகக் குலுக்க வேண்டும். இதில்தான் தங்கம் அடிக்கு இறங்குகிறது. புதியவர்கள் பலர் இங்கே அவசரப்பட்டு, குலுக்காமலேயே கழுவ ஆரம்பித்துவிடுகிறார்கள். குலுக்கிய பிறகு லேசாகச் சாய்த்து மேல் மணலை மட்டும் நீரில் விட வேண்டும். மறுபடி சமன் செய்து குலுக்கல், மறுபடி கழுவல்.

இரண்டு ஸ்பூன் கறுப்பு மணல் மிஞ்சியதும் ஓடையில் வேலையை நிறுத்திவிடுவது நல்லது. மிச்சத்தை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு டப்புக்குள் வைத்து நிதானமாக அரிக்கலாம். தவறிப் போனாலும் டப்பிலேயே கிடக்கும், எடுத்து மறுபடி அரிக்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் மிதக்கும் தூள் மூழ்கிவிடும்.

மணலை உலர்த்தி, நுண்ணிய சல்லடைகளால் அளவு வாரியாகப் பிரிப்பது இன்னும் பலன் தரும். ஒரே அளவுத் துகள்கள் சேர்ந்திருந்தால்தான் எடை வித்தியாசம் தெளிவாக வேலை செய்யும். பிளாஸ்டிக் கவருக்குள் வைத்த காந்தத்தை மேலே நகர்த்தினால் மேக்னடைட் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் தெரியும் தூளைப் பிழிந்து உறிஞ்சும் சிறு பாட்டிலால் எடுக்கலாம்.

தங்கமா, காக்காப்பொன்னா?

தட்டில் மின்னுவதெல்லாம் தங்கம் இல்லை. காக்காப்பொன் வெயிலில் பளபளக்கும். ஆனால் இலேசானது, தண்ணீரோடு ஓடும். பைரைட் ஏமாற்றும். சோதனை ஈஸி. தட்டை நிழலுக்குக் கொண்டுபோனாலும் தங்கம் அதே மஞ்சளாகத் தெரியும். ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், பைரைட் நொறுங்கும்.

பாதரசம்: தொடவே கூடாது

தூளைச் சேர்க்க எளிய வழி என்று சிலர் பாதரசத்தைச் சொல்வார்கள். அது தங்கத்தோடு கலந்து கட்டியாகும் என்பது உண்மை. அந்தக் கட்டியைச் சூடாக்கும்போது வரும் ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூளை, சிறுநீரகம், வயிற்றிலுள்ள கரு வரை பாதிக்கும். மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப்பெரிய மூலமே சிறு அளவிலான தங்கச் சுரங்கங்கள்தான். 2017இல் அமலுக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இதையும் கட்டுப்படுத்தக் கோருகிறது.

19ஆம் நூற்றாண்டில் கொட்டிய பாதரசம் பழைய தங்க வயல்களில் இன்னமும் கிடக்கலாம். கிடைத்த துகள் வெள்ளி நிறமாகத் தெரிந்தால் அதைச் சூடாக்கவே கூடாது.

எவ்வளவு தேறும்?

ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் உள்ள தங்கத் துகளின் எடை 0.00002 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிராம் சேர சுமார் 52,000 துகள் வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் 8 கிராம் பவுனுக்கு 4 லட்சத்துக்கு மேல்! ‘சவரன்’ என்ற சொல்லே ‘சாவரின்’ என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தில் இருந்து வந்ததுதான். விக்டோரியாவின் தங்கத்தில் ஒரு பகுதி அந்த நாணயமாக அச்சானது.

ஆக, பெட்ரோல் செலவுக்கே கட்டாது. வருமானத்துக்காகக் கடன் வாங்கிக் கருவி வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு தட்டும் சல்லடையும் போதும்.

நம்ம ஊரில் செய்யலாமா?

தங்கம் இங்கேயும் உண்டு. நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதியில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் போட்டி போட்டு இறங்கி நஷ்டப்பட்டன. கேரளத்தின் நிலம்பூரில் சாலியாற்று மணலிலும், ஜார்க்கண்டின் சுபர்ணரேகாவிலும் தங்கம் அரித்துப் பிழைத்தவர்கள் உண்டு.

ஆனால் விக்டோரியா போலப் பொழுதுபோக்குக்கான அனுமதிச் சீட்டு இந்தியாவில் இல்லை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதும் எடுப்பதும் குற்றம். 5 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். வீடியோ பார்த்த ஆசையில் ஆற்றில் இறங்கிவிட வேண்டாம்.

கையைப் பழக்க ஆசை இருந்தால் வீட்டு டப்பே போதும். எண்ணிப் போட்ட 20 சிறு இரும்புக் குண்டுகளை மணலில் கலந்து அரித்துப் பார்க்கலாம். இரும்பு தங்கத்தைவிடப் பாதிக்கும் குறைவான அடர்த்திதான். இருபதும் தட்டில் நின்றால், தங்கமும் நிற்கும்.