யுங் தன் கையால் எழுப்பிய கோபுரம்

சூரிச் ஏரியின் மேற்பகுதியில், போலிங்கன் என்ற சிற்றூரின் கரையோரமாக, 1922இல் கொஞ்சம் நிலம் வாங்கினார் உளவியலாளர் கார்ல் யுங். மறு ஆண்டு அவருடைய தாய் இறந்தார். அந்த ஆண்டே அங்கே வட்டமான கல் கோபுரம் ஒன்று எழத் தொடங்கியது.

குஸ்நாக்ட்டில் அவருக்கு வசதியான வீடு இருந்தது. மனைவி, ஐந்து பிள்ளைகள், தேடி வரும் நோயாளிகள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். பிறகு எதற்கு இன்னொரு வீடு? 1913இல் ஃப்ராய்டுடனான நட்பு முறிந்தபின் யுங் நிலைகுலைந்து போனார். துரத்திய கனவுகளையும் காட்சிகளையும் பல ஆண்டுகள் எழுதியும் வரைந்தும் பார்த்தார். 2009இல்தான் அச்சேறிய ‘சிவப்புப் புத்தகம்’ அப்படி உருவானது. ஆனாலும் தாளும் சொல்லும் அவருக்குப் போதவில்லை. உள்ளே கண்டதைக் கல்லில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

கோபுரத்தில் மின்சாரமும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. கிணற்று நீரைப் பம்பு அடித்து எடுத்தார், விறகு பிளந்தார், அடுப்பு மூட்டித் தானே சமைத்தார், இருட்டியதும் எண்ணெய் விளக்கு ஏற்றினார். கல் செதுக்கவும் பழகிக்கொண்டார். மன அமைதி தருவதாக இன்று விளம்பரம் செய்யும் விடுதிகளில் விருந்தினர் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியதில்லை. யுங்கைத் தேற்றியதோ அந்த அன்றாட வேலைகள்தாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போவது பெரிய இழப்பு.

ஒரே மூச்சில் கட்டி முடித்த வீடும் அல்ல அது. 1927இல் நடுப்பகுதியும் அதையொட்டிக் கோபுரம் போன்ற இன்னொரு பகுதியும் சேர்ந்தன. 1931இல் தனக்கே தனக்காக ஓர் அறை அமைத்துக்கொண்டார். அதன் சாவி எப்போதும் அவரிடமே இருந்தது, அனுமதியின்றி யாரும் நுழைய முடியாது. அதைத் திட்டமிடும்போது இந்திய வீடுகள் நினைவில் இருந்தன என்று தன் வாழ்க்கைக் குறிப்புகளில் சொல்கிறார்: திரை மறைத்த ஒரு மூலையாவது அங்கே இருக்கும், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ ஒருவர் ஒதுங்கி உட்காரலாம். மாளிகை கட்ட வசதியுள்ளவர் மாதிரியாகக் கொண்டது அந்த மூலையைத்தான். 1935இல் முற்றமும் சேர்ந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1955 நவம்பரில், மனைவி எம்மா காலமானார். அப்போது யுங்குக்கு எண்பது வயது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தாழ்ந்து பதுங்கிக் கிடந்த பகுதி தானேதான் என்று அவருக்குப் பட்டது. முதுமையில் இனியும் ஒளிந்திருக்க வேண்டாம் என்று தீர்மானித்து, அதன்மேல் ஒரு மாடி எழுப்பினார்.