பக்கவாதமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்

பக்கவாதம் வந்தவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பதை மூளை ஸ்கேன் மட்டும் சொல்லிவிடுவதில்லை. மருத்துவமனையில் சேர்த்த நேரத்தின் ரத்தச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, எல்டிஎல் கொழுப்பு ஆகியவையும் சேர்ந்தே சொல்கின்றன. பல குடும்பங்கள் தொலைப்பது இந்தச் சீட்டுகளைத்தான்.

முதலில் பார்க்கவேண்டியது சர்க்கரை. அது மிகவும் தாழ்ந்தால் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்று பக்கவாதம் போலவே தோன்றலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முன் சர்க்கரை அளவு கட்டாயம் தெரிந்தாக வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே "காலையில் லேபில் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது பெருந்தவறு. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாயில் காபி, சர்க்கரைத் தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சேர்க்கும்போது சர்க்கரை ஏறியிருப்பவர்கள் தேறுவது பொதுவாகக் கடினம். கட்டியைக் கரைத்த பின் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் கூடுதல். அதற்காக வீட்டிலேயே இன்சுலின் போட்டுவிடக் கூடாது. மருத்துவமனையில் பொதுவாக 140 முதல் 180 மில்லிகிராமுக்குள் வைப்பார்கள். 130-க்கும் கீழே இறக்கியதால் கூடுதல் பயன் இல்லை, தாழ்சர்க்கரை ஆபத்தே மிகுந்தது என்று 2019-இல் வெளியான 'ஷைன்' ஆய்வு காட்டியது.

ஹெச்பிஏ1சி முந்தைய இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். இது இயல்பாக இருந்தால் அன்றைய ஏற்றம் நோயின் அதிர்ச்சியால் வந்திருக்கலாம். உயர்ந்திருந்தால் சர்க்கரை நோய் முன்பே இருந்திருக்கிறது என்று பொருள். கொழுப்புப் படிவால் அடைப்பு ஏற்பட்டவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழ் இருக்க வேண்டும். எண் இறங்கிவிட்டதென்று ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவோர் ஏராளம். மாத்திரையால்தான் அது இறங்கியது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு இந்த மூன்று முடிவுகளும் கையில் இருக்கவேண்டும். ஸ்கேன் படத்தைப் பத்திரப்படுத்தி ரத்தச் சீட்டை விட்டுவிட்டால் அடுத்த மருத்துவர் இருட்டில் தடவ நேரும். பிரதி தராவிட்டால் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தாக மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் பெற வேண்டும். 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். "பிறகு வாருங்கள்" என்ற பதிலை ஏற்கவேண்டியதில்லை. தனியார் மருத்துவமனை மறுத்தால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரே மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும், மனு, ஒப்புகையின் நகல்களுடன் புகார் செய்யலாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டு மையத்தில் பதியலாம். நோய் வரும்வரை காத்திருக்காமல் முன்பே பதிந்துவைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வரும். மாத்திரைகளைப் பெற டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் காட்டலாம். மூலத்தை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது.