சொக் அப்சோபரை வீட்டில் பிரிக்கலாமா?

கண்டியைச் சுற்றி வியாபாரம் செய்பவர்களின் வாகனங்கள் சமதரையில் ஓடுவது குறைவு. அக்குறணையிலிருந்து கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகிறவர் கடுகண்ணாவ வளைவுகளில் இறங்கி ஏற வேண்டும். மஹியங்கனைப் பக்கம் கொடுக்கிறவருக்கு 18 வளைவு இருக்கிறது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் பாரம் முன் சில்லுகளில் விழுகிறது. அதைத் தாங்கித் தாங்கியே சொக் அப்சோபர் களைத்துப் போகிறது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் சிலர் சொக்கையும் வீட்டு முற்றத்தில் வைத்துப் பிரிக்கப் பார்க்கிறார்கள். கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பது நல்லதுதான். ஆனால் எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டொல்பின் ஹயஸ் வைத்திருப்பவருக்குப் பயமில்லை. அதன் முன்பக்கம் டோர்ஷன் பார், பின்பக்கம் தட்டு ஸ்பிரிங். சொக் தனியாக நிற்கும், கழற்றி மாற்றலாம். கொரோலா, விட்ஸ், அல்டோ போன்றவற்றின் முன்பக்கம் அப்படியல்ல. சுருள் ஸ்பிரிங்குக்குள்ளே சொக் நிற்கும், இரண்டும் சேர்ந்து ஒரே கால். மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் வேலை இது. 1950இல் வந்த போர்ட் கொன்சல் காரிலேயே இருந்தது.

ஜெக்கில் தூக்கியதும் ஸ்பிரிங்கின் பாரம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போவதில்லை. முழுக் காலையும் கழற்றி மேசையில் வைத்தாலும் ஸ்பிரிங் உள்ளே நசுங்கியபடியேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு. அதைச் சும்மா திறந்தால் மேல் தட்டும் ஸ்பிரிங்கும் வெடித்துக் கிளம்பும். தாடை உடையும், கண் போகும், உயிரும் போகலாம்.

பொனட்டைத் திறந்தால் ஓரத்தில் இரண்டோ மூன்றோ சிறிய நட்டுகளும் நடுவில் பெரிய நட்டும் தெரியும். நீங்கள் தொட வேண்டியது ஓரத்து நட்டுகளை மாத்திரம். வாகனத்தைச் சமதரையில் நிறுத்திப் பின் சில்லுக்குக் கல் வையுங்கள் (கண்டியில் சமமான முற்றம் கிடைப்பதே பெரும் பாடு!), ஜெக்கை நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். பிரேக் குழாயின் கிளிப்பை விடுவித்து, கீழே உள்ள இரண்டு போல்ட்டையும் கழற்றினால் கால் முழுதாகக் கையில் வரும். அத்தோடு உங்கள் வேலை முடிந்தது. பிரிப்பதற்கு, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டு போங்கள்.

அங்கேயும் பக்கத்தில் நின்று பாருங்கள். கொக்கிகள் நேரெதிராக மாட்டப்பட வேண்டும், இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்து ஆடத் தொடங்கிய பிறகே நடு நட்டில் சாவி படலாம். கம்பியாலும் கயிற்றாலும் கட்டித் திறக்கிற பாஸ்மாரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடமென்றால் காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு வழி, பஞ்சிகாவத்தையில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஜப்பான் பாவித்த செட்டாகவே வாங்குவது. பிரிக்கும் வேலையே இல்லை. வாங்கும்போது தண்டில் ஒயில் கசிவு, துருப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றிப் பூட்டினால் சில்லின் சாய்வு மாறிவிடும். ஆகவே அன்றைக்கே வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூலியில் மிஞ்சிய காசு டயரில் போய்விடும்.